காவி (Gavi) தடுப்பூசிக் கூட்டணியின் சபையில் மருந்துக் கம்பனிக்கு இரண்டு கதிரை ஏன்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், காவி என்பது யுனிசெப் மாதிரி ஐ.நா.வின் கிளையாம், கம்பனிக்காரர்களுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லையாம். ஐசே, தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கக் காசு திரட்ட 2000இல் டாவோஸில் தொடங்கிய அமைப்பு அது, சுவிஸ் சட்டப்படி ஓர் அறக்கட்டளை. கேட்ஸ் அறக்கட்டளை 75 கோடி டொலர் தருவதாகச் சொன்ன பிறகுதான் வண்டியே ஓடியது. அதன் சபையில் தடுப்பூசிக் கம்பனிகளுக்கு இரண்டு கதிரை, வாக்கும் உண்டு. விற்கிறவனே வாங்குகிற சபையில் குந்தியிருக்கிறான்!

தெஹிவளை அக்கா:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்ல என்ன பயம்? யுனிசெப் ஊடாகத்தான் ஊசி வாங்குகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். 27 வாக்கில் 2, அதை வைத்து எதைக் கவிழ்க்கப் போகிறார்கள்? வளரும் நாட்டு அரசுகளுக்கே 5 இருக்கிறது, கொடை தருகிற அரசுகளுக்கு இன்னொரு 5. தங்கள் இலாபம் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் விலகியிருக்க வேண்டும் என்று விதியும் உண்டு.

மருந்துக்கடை மருமகன்:
எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். மெர்க் 1987 முதல் ஆற்றுக்குருடு நோய்க்கு மெக்டிசான் மாத்திரையைச் சும்மா கொடுக்கிறது, அது நன்கொடை வகை. கவனிக்கப்படாத நோய்களுக்கு மருந்து தேடும் டிஎன்டிஐ (DNDi) மாதிரி, புதிய மருந்து கண்டுபிடிக்கச் சேர்கிற கூட்டு வேறு. காவியும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் பண்டும் காசு திரட்டிப் பங்கிடுகிற வகை. முதலில் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று...

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, வகுப்பைப் பிறகு எடும். குளோபல் பண்டைச் சொன்னீரே, அங்கே 20 வாக்கு, அதில் தனியார் துறைக்கு ஒன்று, அறக்கட்டளைகளுக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனத்துக்கு? கதிரை மட்டும், வாக்கு இல்லை! அக்காவுக்கு இன்னொன்று: 2009இல் காவி ஊடாக, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகொக்கல் ஊசிக்கென்று 150 கோடி டொலர் முன்கூட்டியே ஒதுக்கினார்கள், பெரும்பகுதி பைசர், ஜிஎஸ்கே கம்பனிகளுக்குப் போனது, விலை அதிகம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தொண்டை கிழியக் கத்தியது. இரண்டு கதிரை சும்மா அழகுக்கா?

தெஹிவளை அக்கா:
பிறகு இந்தியாவின் சீரம் நிறுவனம் அதே நோய்க்கு 2 டொலருக்கு ஊசி கொண்டுவந்ததை மட்டும் விழுங்கிவிட்டீர். உமது இரண்டு கதிரையில் ஒன்று அந்த மாதிரி வளரும் நாட்டுக் கம்பனிகளுக்குத்தான். மற்றது 27இல் 1.

ஓய்வுபெற்ற பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
பிள்ளைகளே, 2008இல் காவி உதவியோடுதான் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி இலங்கைக்கு வந்தது. இடையில் பிரச்சினை வந்து நிறுத்தி, 2010இல் மறுபடி தொடங்கினோம். ஐஸ் பெட்டியைத் திறந்து, குப்பியின் லேபலில் உள்ள சிறு சதுரம் சூடு பட்டு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊசியை எடுப்போம். அந்த வேலை தெரியாதவர்கள் கதிரை எண்ணுகிறீர்கள். 2016 முதல் நம் காசிலேயே வாங்குகிறோம், அதையாவது ஒருவர் சொன்னீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஐயா, உங்கள் சேவைக்கு மரியாதை, ஆனால் கேள்வி அதுவல்ல. கோவிட் ஊசியைப் பங்கிடக் காவியும் சேர்ந்து நடத்திய கோவக்ஸ் திட்டத்தின் கதை மறந்துவிட்டதா? 2021 மார்ச்சில் அதன் மூலம் இலங்கைக்கு 264,000 டோஸ் வந்தது, பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்த, முதல் ஊசி போட்ட சனம் இரண்டாவது ஊசிக்கு ஜப்பான் அனுப்பும்வரை ஜூலை முடிய வாய் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதில் ஒருவன். வரிசையில் நிற்காமல் தெரிந்த ஆளைப் பிடித்துப் பைசர் போட்டவர்களுக்கு இது விளங்காது.

தெஹிவளை அக்கா:
யாரைக் குத்துகிறீர்? நான் வரிசையில் நின்றுதான் போட்டேன், அட்டை இருக்கிறது. மருந்துத் தட்டுப்பாட்டு விவாதத்தில் வாயை மூடவைத்த கோபம் உமக்கு இன்னும் ஆறவில்லை.

மருந்துக்கடை மருமகன்:
கோவக்ஸ் எந்த வகை என்றாவது சொல்லிவிட்டு...

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, கடையைப் பாரும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. விற்கிறவனுக்கு ஏன் கதிரை? ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தெஹிவளை அக்கா:
சொல்லிவிட்டேன். 27இல் 2. உமக்குக் கணக்குப் படிப்பித்தது யார்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
யாரோ ஒருவர், பைசர் அக்கா. இரண்டு என்பது பூச்சியம் இல்லை என்றுதான் படிப்பித்தார்.