சோங்-கோல் ஏரிக்குக் குதிரையில் மூன்று நாள்: போனவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

மலைக்காற்று:

நடந்து மலை ஏறிய கதைகள் இங்கே நிறைய இருக்கின்றன. குதிரையில் மலைத்தொடர் தாண்டியதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. சரி, நானே தொடங்கிவைக்கிறேன். பெருமைக்காக இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டும் எப்படிச் சொதப்பலாம் என்பதற்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்.

போன ஆகஸ்டில் கிர்கிஸ்தான் போயிருந்தேன். கிசார்ட் என்ற கிராமத்தில் குதிரை ஏறினோம். முதல் இரவு கிலெம்ச்சே மேய்ச்சல் வெளியில். மறுநாள் கணவாய் தாண்டி, 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோங்-கோல் ஏரிக்கரையில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் துஸ்-அஷூ என்ற வேறொரு கணவாய் வழியாக இறங்கிக் கிராமத்துக்கே திரும்ப வேண்டும். அந்த ஊரில் பரவலாகப் போகிற பாதைதான் இது.

அதற்கு முன் நான் குதிரை மேல் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. ஊட்டி ஏரிப் பக்கம், பன்னிரண்டு வயதில், கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பத்து நிமிடம். ஆனாலும் திட்டத்தில் ஒரு குறை வைக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் கணவாய்களைப் பார்த்தேன், மின்விசா எடுத்தேன், காற்று புகாத ஜாக்கெட், சோலார் சார்ஜர் எல்லாம் வாங்கினேன். குதிரையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அது நடக்கும், நான் மேலே இருப்பேன், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் முட்டி பேச ஆரம்பித்தது. அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து வாரில் தொங்கும் கால் வைக்கிற வளையம், எனக்கு முன்னால் போனவரின் கால் அளவுக்கு இருந்திருக்கிறது. என் முட்டி மடங்கியபடியே ஆறு மணி நேரம் போனது. இரண்டு துளை இறக்கி மாட்டச் சொன்னால் முடிகிற வேலை. வழிகாட்டிப் பையனுக்குப் பதினேழு வயதுதான், அவனிடம் போய் வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். சேணத்துக்குப் பக்கத்தில் நின்று, விரல் நுனியை அங்கவடி வாரின் மேல்முனையில் வைத்து, வாரைக் கையோடு சேர்த்து இழுத்தால் அங்கவடி அக்குள் வரை வர வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு வந்தபிறகு தெரிந்துகொண்டது. சாயங்காலம் இறங்கச் சொன்னார்கள். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பையன்தான் மூட்டையை இறக்குவதுபோல இறக்கிவிட்டான்.

போட்டிருந்தது ஜீன்ஸ். அதன் உள்தையல் இரண்டு தொடையிலும் என்ன செய்தது என்பதைக் குடும்பத்தோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். தையல் இல்லாத இறுக்கமான உள்காற்சட்டையும் வாசலினும் கொண்டுபோங்கள்.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றி ஒரு மரம் கிடையாது, கம்பியோ கம்பமோ கிடையாது. புல், தண்ணீர், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகக் கம்பளிக் கூடாரங்கள். ஜூனில் மந்தையோடு வந்து செப்டம்பரில் குளிர் பிடிக்கும்போது இறங்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட் மாதம்தான், ஆனால் மதியம் ஆலங்கட்டி மழை, விடியும்போது புல் முழுக்க உறைபனி. கூடாரத்துக்குள் அடுப்பில் எரிந்தது வறட்டி. நம் ஊர் வாசனை அங்கே போய் மூக்கில் ஏறியபோது சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் விஷயம். மேலே ஏறும்போது முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடித்துக்கொண்டால் போதும். இறங்கும்போது உடம்பின் மொத்த எடையும் அங்கவடியில், அதாவது முட்டியில். அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. இறங்கி, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தேன். கிராமம் வந்து சேர இருட்டிவிட்டது. அன்று இரவே தலைநகர் பிஷ்கேக்கில் விமானம் பிடிப்பதாகத் திட்டம். விமானம் போய்விட்டது, டிக்கெட் பணமும் போய்விட்டது. மூன்று நாள் பயணத்துக்கு நான்காவது நாள் ஒன்றைச் சும்மா விட்டு வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவைக்கு என் திட்டத்தில் முதலில் எழுதியிருக்கும் வரி அதுதான். அடுத்த வரி, கிளம்புவதற்கு முன் நம் ஊர் குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் குறைந்தது பத்து மணி நேரம்.

எஜே:

நான் பிஷ்கேக்கில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவள். சோங்-கோல் இரண்டு தடவை போயிருக்கிறேன். முட்டி வலியோடு தப்பித்தீர்கள் அண்ணா, நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எங்கள் முதல் பயணம் ஒரு வார இறுதியில். பிஷ்கேக் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து காலையில் கிளம்பி, அன்று இரவே ஏரிக்கரையில் படுத்தோம். ராத்திரி மூன்று பேருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, ஒருத்திக்கு வாந்தி. எல்லோரும் டாக்டருக்குப் படிக்கிறவர்கள், உயரம் சேராது என்பது பாடத்திலேயே இருந்தது! இரண்டாவது தடவை கோச்கோரில் ஒரு இரவு தங்கிப் போனோம், அது 1,800 மீட்டர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடந்து ஏறினால் மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். குதிரையில் ஏறும்போது மூச்சு வாங்குவது குதிரைக்கு. நம் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதற்குள் மேலே போய்விடுகிறோம்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். போர்சோக் என்று எண்ணெயில் பொரித்த குட்டி ரொட்டி, கைமாக் என்கிற பாலேடு, ஜாம், உருளைக்கிழங்கு கிடைக்கும். முதல் நாளே சொல்லிவிடுங்கள், சாப்பிட உட்கார்ந்தபிறகு சொன்னால் சூப்பிலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். கிமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் கொடுப்பார்கள். புளிச்ச மோரில் புகைவாசம் ஏறிய மாதிரி இருக்கும், லேசாகப் போதையும் உண்டு. மரியாதைக்கு இரண்டு மடக்கு போதும். கிண்ணம் கிண்ணமாகக் குடித்த ஒரு சீனியர் ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்கும் வெளிக்குமாக நடந்தார்.

மூத்த ஆண்களை பைக்கே என்றும் பெண்களை எஜே என்றும் கூப்பிடுங்கள். நம் அண்ணா, அக்காதான். குதிரையை நடக்கவைக்க "சூ!".

லாடம்:

நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பந்தயக் குதிரை வண்டி உண்டு. அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முட்டியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சீவனின் முதுகைப் பற்றி ஒரு வரி இல்லையே?

ஏறுவதற்கு முன் சேணத்தை எடுக்கச் சொல்லி முதுகைப் பார்க்க வேண்டும். பிடரி முடிகிற மேட்டிலும், அதன் இரண்டு பக்கமும், வயிற்றுப் பட்டை உரசுகிற இடத்திலும் உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். முதுகை நெளித்தாலோ காதைப் பின்னால் மடக்கினாலோ அங்கே வலி இருக்கிறது. வேறு குதிரை கேளுங்கள், வேறு இல்லையென்றால் போகாதீர்கள். ஏறி அரை மணி நேரம் கழித்துப் பட்டையை மறுபடி இறுக்க வேண்டும். கட்டும்போது சில குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், பிறகு சேணம் ஒரு பக்கமாகச் சரியும். ஆள், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுக் கணக்கு. மலைக்குதிரை சின்னது, நானூறு கிலோ இருந்தால் பெரிய விஷயம். நீங்கள் எத்தனை கிலோ?

எஜே:

லாடம் அண்ணா சொன்னதோடு ஒன்று. கூடாரம் வந்து சேர்ந்ததும் சேணத்தைக் கழற்ற மாட்டேன் என்கிறார்களே என்று அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். வியர்வை அடங்கும் வரை சேணத்தோடுதான் கட்டி வைப்பார்கள், தீனியும் காட்ட மாட்டார்கள். அவர்கள் வழக்கம் அது.

மலைக்காற்று:

84 கிலோ. பையும் சேணமும் சேர்த்தால் நூறைத் தாண்டியிருக்கும். மூன்றாம் நாள் நான் இறங்கி நடந்தபோது பையன் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டான் என்று இப்போதுதான் புரிகிறது.

லாடம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். ஏரிக்கரையில் சேணம் இல்லாமல் என் குதிரை மேய்கிற படம் ஒன்று இருக்கிறது. செந்நிற முதுகில், சேணம் உட்காருகிற இடத்தில், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. பிறவி நிறம், அழகாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். அது என்ன தம்பி?

லாடம்:

பழைய புண் அண்ணே. சேணம் அறுத்து ஆறின இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும்.