பிக்கப் வண்டியில் எல்இடி விளக்கு பொருத்திய அனுபவங்கள்: மனத்தை விட்டுப் போகாத ஒன்றைப் பகிருங்கள்

ஆழியாறு வழித்தட ஓட்டுநர்:

120 வாட் எல்இடி பாரை, அதாவது நீளமான பட்டை விளக்கை, அந்த வாரம்தான் பம்பருக்கு மேல் மாட்டியிருந்தேன். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் ஹை பீம் வயரிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தார்கள். மறுநாளே ஹெட்லைட்டின் 15 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விட, அதே கடையில் 30 ஆம்பியர் ஃப்யூஸைச் செருகி, இனிப் போகாது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மளிகை மூட்டைகளோடு வால்பாறை ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் 9-ஆவதில் ஸ்டியரிங்கைப் பாதி ஒடித்திருந்த நேரத்தில், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அடுத்த நொடியே எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன. வெளியே மூடுபனி. பக்கத்தில் இருந்த என் மகன், 11 வயதுப் பையன், கைப்பேசி டார்ச்சை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "அப்பா, சுவரு தெரியுது, சுவரு தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ரிலே போடாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி வண்டி:

என் தவறு வயரிங்கில் இல்லை, தேர்வில்தான். 60/55 வாட் ஹெச்4 ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, ஒளியைச் சாலைக்குத் திருப்பும் அதே ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைப் போட்டேன். வெளிச்சம் வெள்ளை வெளேரென்று இருந்ததால் எனக்கு மிகுந்த திருப்தி. ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு, எதிரே மொபெட்டில் பால் கேனோடு வந்த பெரியவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டே தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கிச் சரிந்துவிட்டார். நல்லவேளையாக அடி எதுவும் இல்லை. ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் திட்டவில்லை. "டிம் அடிச்சிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி வளைக்கப்பட்ட ரிஃப்ளெக்டரில், அதே இடத்தில் அதே அளவில் ஒளிராத எல்இடி சில்லைப் போட்டால், டிம்மில் போட்டாலும் ஒளி மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும் என்பதை அதன்பிறகே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்று மாலையே பழைய பல்பை மாட்டிவிட்டேன்.

நாமக்கல் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்:

முதலில் எழுதியவர் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. ரிலே இல்லாதது குறைதான். ஆனால் வயரை உருக்கியது அந்த 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், விளக்கைக் காப்பாற்ற அன்று. ஹெட்லைட்டுக்கே ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடும் வயரில் பார் இன்னொரு 10 ஆம்பியரைச் சேர்த்தது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போனதே எச்சரிக்கை. அதை மதித்திருந்தால் அந்த வளைவில் உங்கள் பையன் டார்ச் பிடித்திருக்க வேண்டியதில்லை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் உள்ள வயர் உரசிப் பாடியைத் தொட்டால் தடுக்க எதுவும் இல்லை. அந்த வயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்குப் போகட்டும், 87-லிருந்து விளக்குக்கு, 86-க்கு ஹை பீம் வயரிலிருந்து ஒரு மெல்லிய இணைப்பு, 85 எர்த், அதாவது வண்டியின் பாடிக்கு. ரிலே சுருள் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே கம்பெனி வயருக்குச் சுமையே இல்லை. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்துப் போல்ட்டை முறுக்குங்கள். நான் தொழில் பழகிய காலத்தில் பெயின்டின் மேலேயே எர்த் கொடுத்து அனுப்பிய வண்டி ஒன்று, மழையில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அந்த ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு நின்றதை நான் மறக்கவில்லை.

கொல்லிமலை லோடு:

வயரிங் சரியாக இருந்தும் நான் தவித்தேன். 70 வளைவுகள் உள்ள எங்கள் பாதையில், கேபின் கூரைமேல் 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை பாரை வைத்திருந்தேன். மூடுபனியில் அதைப் போட்டதும் கண்ணாடிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழுந்ததுபோல ஆகிவிட்டது. 3000 கெல்வின் மஞ்சள் பனியைத் துளைக்கும் என்கிறார்கள். என் அனுபவத்தில் நிறத்தைவிட விளக்கு இருக்கும் உயரமே முக்கியம். அதே வெள்ளை விளக்கில் சிறியதை பம்பருக்குக் கீழே, அகலமாக விழும்படி தாழ்த்தி வைத்தபோது சாலையோர வெள்ளைக் கோடு தெரிந்தது.

ஆழியாறு வழித்தட ஓட்டுநர்:

எலெக்ட்ரீஷியன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தவறை நான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன். இப்போது பாரைக் கழற்றிவிட்டு, பம்பருக்குக் கீழே இரண்டு சிறிய விளக்குகளைத் தனி வயரில், ரிலேயும் 10 ஆம்பியர் ஃப்யூஸும் வைத்து மாட்டியிருக்கிறேன். மகன் மட்டும் இருட்டிய பிறகு இன்னும் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான்.