'மேல்காற்று' வேண்டாம், 'எதிரேறல்' என்று வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

பட்டப்பலகை, அதாவது பெரிய பட்டம் இழுக்கச் சக்கரப் பலகையில் நின்று ஓட்டுகிற விளையாட்டு, அதற்கான தமிழ்ச் சொற்களைப் பற்றிய இந்த இழையை ஒரு வாரமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காற்று வருகிற பக்கமாகச் சாய்த்து ஓட்டுவதற்கு (upwind riding) முன்வைக்கப்பட்ட 'மேல்காற்றுச் சவாரி' என்ற சொல்லுக்கு நாலைந்து பேர் சரி என்று சொல்லிவிட்டதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது.

> "மேல்காற்று என்றாலே புரிந்துவிடுகிறது. தனியாக விளக்கம் தேவைப்படாது."

கோவை நண்பர் இப்படி எழுதியிருந்தார். நான் இருப்பது உசிலம்பட்டிக்குக் கிழக்கே. இங்கே மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. பேச்சில் 'மேகாத்து'. மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது, வைகையும் அப்படித்தான் ஓடுகிறது. அதனால் மேல், கீழ் என்பவை எங்களுக்குத் திசைப் பெயர்கள். மதுரையில் மேலமாசி வீதி என்பது மேடான வீதி அல்ல, மேற்கு வீதி. மேலக்குயில்குடி, கீழக்குயில்குடி என்று ஊர்ப் பெயர்களும் அப்படியே.

ஆடி மாதத்தில் இந்தக் குழப்பம் வெளியே தெரியாது. ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமிருந்து மேகாத்து வீசும்போது, காற்று வரும் திசையும் மேற்கும் ஒன்றுதான். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் நிலைமை வேறு. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பழகுகிற பையனிடம் "மேல்காற்றுக்கு ஓட்டு" என்று சொன்னால் அவன் மேற்கே திருப்புவான். அது காற்று அடித்துக்கொண்டு போகிற பக்கம். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். மேய்ச்சல் பொட்டலின் அந்த ஓரத்தில் மின்கம்பி போகிறது என்றால் இது வெறும் சொல் விவாதமாக நிற்காது.

மற்ற இரண்டு பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எதிர்க்காற்றோட்டம்' என்பதைப் படித்ததும் எனக்கு வீட்டுச் சன்னல்தான் நினைவுக்கு வந்தது. காற்றோட்டம் என்ற சொல் அந்தப் பொருளில் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்கி நடுவது கடினம். 'வளியெதிர்ச்செலவு' அழகாகத்தான் இருக்கிறது, வளி என்ற சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் செலவு என்றால் பயணம் என்று இன்று யாருக்கும் தோன்றாது. இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள்.

இந்தச் சொல்லைத் தேடும் முன்னால் அந்தச் செயல் என்ன என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம். ஓட்டிப் பார்க்காதவர்களும் இந்தக் குழுவில் நிறைய இருக்கிறீர்கள்.

காற்று நிரம்பிய நான்கு சக்கரங்கள் வைத்த பலகை. அதன்மேல் பக்கவாட்டாக நிற்கிறோம். இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகளின் முனையில் பெரிய துணிப்பட்டம் நம்மை இழுக்கிறது. பட்டம் எப்போதும் காற்று போகிற பக்கம்தான் இருக்கும். அப்படியானால் நாமும் அந்தப் பக்கம்தானே போக வேண்டும்? சக்கரம் இருப்பதால் அப்படி ஆவதில்லை. சக்கரம் முன்னும் பின்னும் உருளும், பக்கவாட்டில் வழுக்காது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் அழுத்தினால் அது விரலுக்குள் புகாமல் முன்னே தெறிக்கிறதல்லவா, அதே கணக்கு. பட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, சக்கரம் அதை மறுக்கிறது, பலகை மிச்சமிருக்கிற திசையில் ஓடுகிறது. அந்தத் திசையைக் காற்றுக்குக் குறுக்கே வைக்கலாம், கொஞ்சம் பழகினால் காற்று வருகிற பக்கமாகவும் சாய்க்கலாம். நேர் எதிராக மட்டும் யாராலும் போக முடியாது.

அந்தச் 'சாய்ப்பு'தான் விஷயமே. காற்றுக்குக் குறுக்குக் கோட்டிலிருந்து 10 பாகை காற்று வரும் பக்கம் சாய்த்து 100 மீட்டர் ஓடினால், காற்றை எதிர்த்து ஏறக்குறைய 17 மீட்டர் முன்னேறியிருப்போம். 20 பாகை என்றால் 34 மீட்டர். அப்புறம் திரும்பி, மறுபக்கம் அதே சாய்வில் இன்னொரு ஓட்டம். இப்படிக் குறுக்கும் மறுக்குமாக ஏறித்தான் புறப்பட்ட இடத்துக்கோ அதற்கும் முன்னாலோ போய்ச் சேருகிறோம். காற்று போகிற பக்கம் 10 பாகை நழுவினால் அதே 17 மீட்டர் கையைவிட்டுப் போய்விடும்.

நான் முதல் மூன்று வாரமும் நழுவிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிறு காலை பொட்டலின் மேற்கு ஓரத்தில் தொடங்குவேன், நான்கு ஓட்டத்தில் கிழக்கு ஓரம் வந்துவிடும். பட்டத்தை இறக்கி, கயிறைச் சுற்றி, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பேன். ஓட்டியது பத்து நிமிடம், நடந்தது அரை மணி நேரம். நடுவில் சீமைக் கருவேல முள் ஏறி டயர் போனால் அன்றைய பொழுது முடிந்தது. கள்ளிக்குடிப் பக்கக் கரிசலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று போனோம். கோடையில் அங்கே பலகைச் சக்கரம் இறங்குகிற அளவுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வற்றிய கண்மாய்த் தரையும் அப்படித்தான். செம்மண் பொட்டல்தான் ஒத்துவருகிறது.

ராமேஸ்வரம் பக்கம் கடலில் ஓட்டிப் பழகிய நண்பர் ஒருவர் நாலாவது வாரம் வந்தார். நான் செய்த தப்பை முதல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் பட்டத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இழுவை குறைகிறதே என்று பட்டத்தை மேலும் கீழுமாக ஆட்டினேன், பட்டத்தைக் கட்டுப்படுத்தக் கையில் பிடிக்கும் தண்டை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடித்தேன். ஒவ்வொரு ஆட்டலும் என்னைக் கிழக்கே கொண்டுபோனது. அவர் சொன்னது இதுதான். பட்டத்தைத் தரைக்கு 45 பாகை உயரத்தில், போகிற பக்கமாக, அசையாமல் நிறுத்து. முதலில் வேகம் எடு. வேகம் வந்தபின் இடுப்பை முன்னே தள்ளி, முதுகைச் சாய்த்து, குதிகாலை ஊன்று. குதிகாலை ஊன்றினால் பலகை அந்தப் பக்கம் சரிந்து, சக்கரங்கள் தாமாகவே காற்று வருகிற பக்கம் திரும்பும். அவசரப்பட்டுத் திருப்பினால் கயிறு தொய்ந்து பட்டம் விழுந்துவிடும். கண் மட்டும் அந்தப் பனைமரத்தைவிட்டு எடுக்கக் கூடாது.

பனைமரம் காற்று வருகிற பக்கம் நின்றது. நான் ஓடினேன். அவர் பின்னாலிருந்து காற்றில் கத்திய ஒரே சொல், "ஏறு! ஏறு!"

அன்று சாயங்காலம் புறப்பட்ட இடத்துக்கு நடக்காமல் வந்து சேர்ந்தேன். அந்த நண்பருக்குக் கலைச்சொல்லில் ஈடுபாடு ஒன்றும் கிடையாது. கத்த வேண்டியிருந்தது, வாயில் வந்த சொல்லைக் கத்தினார். 'முன்னேறு' என்று அவர் சொல்லவில்லை, 'திரும்பு' என்றும் சொல்லவில்லை. காற்றை ஒரு சரிவாகப் பார்த்தால் அதன்மேல் ஏறுவதுதான் நடக்கிறது. பாரவண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுவது மாதிரி.

அந்த 'ஏறு' தனியாக நின்றால் போதாது, பலகையின் மேல் ஏறு என்றும் பொருள் வரும். அதற்கு முன்னால் 'எதிர்' சேர்த்தால் நம் ஊரில் ஏற்கெனவே புழங்குகிற சொல் கிடைத்துவிடுகிறது: எதிரேறு.

புதுவெள்ளம் வந்து கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் சாயும்போது மீன் எதிரேறும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கெண்டை நட்ட நடு வெள்ளத்தில் முட்டி மோதாது. ஓரத்தில் ஒதுங்கி, பக்கவாட்டில் நழுவி, கிடைத்த இடுக்கில் ஒரு முழம் ஏறும். நாம் செய்வதும் அதேதான். இன்னொன்று, சோழவந்தான் பக்கத்துத் திருவேடகம். சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த இடம் என்பது தல வரலாறு, ஊர்ப் பெயரிலேயே ஏடு இருக்கிறது. அந்த ஏடு 'எதிரேறியது' என்றுதான் மதுரைக்காரர்கள் சொல்வார்கள், அதற்கு விழாவும் நடக்கிறது. சமயக் கதையைக் கலைச்சொல்லுக்குள் கொண்டுவர வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். கதையை நான் கொண்டுவரவில்லை. ஓட்டத்தை எதிர்த்து மேலே போவது என்ற பொருளில் இந்த வினை இங்கே உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் காட்டுகிறேன். தண்ணீருக்குச் சொன்னதைக் காற்றுக்கும் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நான் முதலில் 'எதிரேற்றம்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். தனிமடலில் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் கேட்டபோது அவர் தடுத்தார். அங்கே பௌதிகப் பாடத்தில் ஏற்றம் என்றால் மின்னேற்றம். எதிரேற்றம் என்றால் ஒரு மாணவனுக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும் என்றார். அது நியாயமான மறுப்பு. எங்கள் பக்கமும் ஏற்றம் என்றால் பெரியவர்களுக்குக் கிணற்று ஏற்றம் இருக்கிறது. அதனால் பெயர்ச்சொல்லை 'எதிரேறல்' என்று வைத்துக்கொள்ளலாம். வினை எதிரேறு. எதிரேறினான், எதிரேறிவிட்டாள், எதிரேற முடியவில்லை என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன. சவாரி, ஓட்டம், செலவு என்று வால் ஒட்ட வேண்டியதில்லை. பொட்டலில் கத்தும்போது 'ஏறு' என்று சுருக்கிக்கொள்ளலாம், பொருள் கெடாது. நூறு மீட்டர் தள்ளிப் போகிறவன் காதில் காற்றோடு சேர்ந்து விழ வேண்டிய சொல் அப்படித்தான் இருக்க வேண்டும். 'மேல்காற்றுச் சவாரி செய்' என்று ஒருமுறை கத்திப் பாருங்கள், தெரியும்.

இதோடு சேர்ந்து வரும் சில சொற்களையும் முன்வைக்கிறேன். காற்று வருகிற பக்கத்துக்குக் 'காற்றுமுகம்', போகிற பக்கத்துக்குக் 'காற்றுப்போக்கு'. இரண்டும் திசைப் பெயரோடு முட்டாது, ஆடியிலும் மார்கழியிலும் ஒரே பொருள் தரும். எதிரேறலுக்கு எதிர்ச்சொல் 'நழுவல்'. குதிகாலை அழுத்திப் பலகையைச் சரிப்பதற்கு 'ஊன்றல்'. பட்டத்திலிருந்து பிரியும் கிளைக்கயிறுகளுக்கு எங்கள் பக்கம் சூத்திரம் என்போம், யாழ்ப்பாணத்தில் முச்சை. இரண்டையும் வைத்துக்கொள்வோம், ஒன்றை வெட்ட வேண்டாம்.

பட்டம் பறக்கக்கூடிய வெளிக்குக் 'காற்றுச் சாளரம்' என்று வந்த பரிந்துரையில் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் நமக்கு முன்னால் இடமும் வலமும் தலைக்கு மேலுமாகக் கவிந்திருக்கிற வெளி அது, விரித்த குடையைப் பாதியாகப் பிளந்து முன்னால் நட்டது போல. திருநெல்வேலி அம்மா சொன்ன 'காற்றுக்குடை' அதைச் சரியாகக் காட்டுகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

எதிரேறலுக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். குறிப்பாகக் கடலோர நண்பர்கள். பாய் விரித்து ஓடிய காலத்தில் உங்கள் தாத்தாமார் காற்றை எதிர்த்துக் குறுக்கும் மறுக்குமாக ஏறியதற்கு ஒரு சொல் வைத்திருந்திருப்பார்கள். அது கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் போடுவோம்.