பேக்லாஷ்: ‘பின்னடைவு’ வேண்டாம், ‘திருப்புத்தொய்வு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வானத்தைப் படமெடுக்கையில் தொலைநோக்கி விண்மீனை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வழிகாட்டல் மென்பொருளுக்கு நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில், பேக்லாஷுக்கு (திசை மாற்றும்போது மோட்டார் சுற்றியும் தொலைநோக்கி சற்று நேரம் அசையாமல் நிற்பது) நேரே ‘பின்னடைவு’ என்று இருப்பதைப் பார்த்தேன். ஒரு சொல்லுக்காக ஓடுகிற வேலையை நிறுத்தக் கூடாது என்பதுதான் எப்போதும் என் கட்சி. ஆனால் இந்தச் சொல் ஏற்கனவே ஒரு நல்ல இரவில் பாதியைத் தின்றுவிட்டது.

போன தை மாதம் நடந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் என் மவுண்ட்டை, அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடத்தை, ஜவ்வாது மலைப்பக்கம் எடுத்துப் போயிருந்தான். நான் வீட்டில். விண்மீன் எவ்வளவு விலகுகிறது என்று திரையில் காட்டும் வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பினான். பார்த்ததுமே தெரிந்தது. “டெக்கில் பின்னடைவு இருக்கு, பார்” என்று பதில் போட்டேன். டெக் என்பது தொலைநோக்கியை வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சு. அவன் என்ன செய்தான்? மவுண்ட் விண்மீனுக்குப் பின்தங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, தொடரும் வேகத்தைச் சோதித்தான், நேரத்தையும் இடத்தையும் அழித்து மறுபடி உள்ளிட்டான், ஒன்றரை மணி நேரம் போனது. அவன்மேல் தவறே இல்லை. தேர்தலில் பின்னடைவு, பேச்சுவார்த்தையில் பின்னடைவு என்று தினமும் நாளிதழில் படிக்கிறவனுக்கு அந்தச் சொல் வேறு என்ன பொருள் தரும்?

சரி என்று போனில் கூப்பிட்டு, “ஆட்டம் இருக்குப்பா, டெக் அச்சில ஆட்டம்” என்றேன். உடனே முக்காலியின் போல்ட்டுகளை இறுக்கப் போய்விட்டான். கோவையிலிருந்து எழுதிய நண்பர், லேத் பட்டறையில் ‘ப்ளே’ என்றும் ‘ஆட்டம்’ என்றும்தான் சொல்வோம், அதையே வைத்துக்கொள்ளலாமே என்கிறார். பட்டறையில் அது போதும். கைப்பிடி கையில் இருக்கிறது, எது ஆடுகிறது என்று கைக்கே தெரியும். இருட்டில் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஆட்டம் என்றால் காற்றில் குழாய் ஆடுவதும் ஆட்டம், முக்காலி அசைவதும் ஆட்டம்.

நடப்பது என்ன என்பதைப் புதியவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சொல்லும் அதிலிருந்துதான் வர வேண்டும். மோட்டார் வார்ம் திருகைச் சுழற்றுகிறது. திருகு பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. என்னுடையதில் 180 பல். திருகின் புரிக்கும் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடம் விட்டே ஆக வேண்டும். விடாமல் இறுக்கினால் பல் கடித்துக்கொண்டு மோட்டார் முனகி நின்றுவிடும். ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்வரை அந்த இடம் இருப்பதே தெரியாது. திசையை மாற்றியதும், புரி அதைக் கடந்து பல்லின் மறுபக்கத்தைத் தொடும்வரை மோட்டார் சுற்றும், தொலைநோக்கி அசையாது.

இது ஏன் டெக்கில் மட்டும் படுத்துகிறது? கிழக்கு மேற்காகத் திருப்பும் ஆர்.ஏ. அச்சு வானத்தோடு நொடிக்குச் சுமார் 15 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஓடிக்கொண்டே இருக்கிறது. (பாகை, கலை, விகலை மூன்றும் பழைய கணிதத்திலிருந்து நமக்கு இனாமாகக் கிடைத்தவை. எல்லாச் சொல்லும் இப்படிக் கிடைத்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.) வழிகாட்டல் வேகத்தை வானத்தின் வேகத்தில் பாதி என்று வைத்தால், அங்கே திருத்தம் என்பது 22.5-க்கு ஏறுவதும் 7.5-க்கு இறங்குவதும்தான். வேகம் கூடும், குறையும்; திசை திரும்பாது. டெக் அச்சு அப்படியில்லை. சும்மா நின்றுகொண்டிருக்கும், வடக்கே ஒரு தட்டு, தெற்கே ஒரு தட்டு என்று இரண்டு பக்கமும் திரும்ப வேண்டியிருக்கும்.

அன்றைக்குப் பி.எச்.டி.2 என்ற வழிகாட்டல் மென்பொருளின் உதவிக் கருவி அளந்து காட்டிய பேக்லாஷ் 2,900 மில்லிநொடி. பாதி வேகத்தில் அது கிட்டத்தட்ட 22 விகலை. ஒரு விகலையைத் திருத்த 133 மில்லிநொடித் துடிப்பு (மோட்டாருக்கு மென்பொருள் கொடுக்கும் சிறு தள்ளல்) போதும். அப்படி இருபதுக்கு மேற்பட்ட துடிப்புகள் காற்றில் போன பிறகுதான் தொலைநோக்கி நகர ஆரம்பிக்கும். அதற்குள் விண்மீன் தள்ளிப்போய், துடிப்பும் பெரிதாகி, பல் கவ்விய நொடியில் மறுபக்கம் எகிறிவிடும். வரைபடத்தில் கோடு மெல்ல ஏறி ஏறி, சட்டென்று விழுந்திருந்தது.

வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘பின்னடிப்பு’ ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிய்த்து ஒட்டியது. இங்கே பின்னால் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ‘வெறுஞ்சுற்று’ எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது, இரண்டு நாள் அதையே ஆதரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் புரி தேய்ந்த திருகாணியும் வெறுமனே சுற்றும். அது எப்போதுமே கவ்வாது. நம்முடையது கொஞ்சம் கழித்துக் கவ்வும். ‘பல்லிடைவெளி’ நல்ல சொல், அதைக் கைவிடக் கூடாது என்பேன். அலன் சாவியை வைத்துத் திருகைச் சக்கரத்தோடு நெருக்கும்போது நாம் சரிசெய்வது அந்த வெளியைத்தான். ஆனால் திரையில் வரும் 2,900 அந்த ஒரு வெளியின் அளவு மட்டும் அல்ல. மோட்டாருக்கும் திருகுக்கும் நடுவில் உள்ள சிறு பல்சக்கரங்கள், பேரிங்கில் திருகு முன்னும் பின்னும் நகரும் அளவு, எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதற்குத்தான் இன்னொரு சொல் தேவை.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்திருப்பீர்கள். முன்வண்டி நகர்ந்ததும் பின்வண்டி நகராது. கயிறு தரையிலிருந்து எழும்பி, தொய்வு தீர்ந்து, அப்புறம் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். டெக் அச்சு செய்வது அச்சு அசலாக இதே வேலை, அந்த வெட்டு உட்பட. ஆகவே ‘தொய்வு’. திசை திரும்பும்போது மட்டும் வருவதால் ‘திருப்புத்தொய்வு’. வெறும் தொய்வு என்று விட்டால், பெல்ட் போட்ட மவுண்ட்டுகளில் பெல்ட் தளர்ந்திருப்பதும் தொய்வுதானே என்ற கேள்வி வரும், முன்னொட்டு அதற்காகத்தான்.

வினைத்தொகையில் ஒற்று மிகாதே என்று ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். இது வினைத்தொகை இல்லை. ‘திருப்பும் தொய்வு’ என்று விரித்தால் பொருளே கெட்டுவிடும், தொய்வு எதையும் திருப்புவதில்லை. திருப்பில் நிகழும் தொய்வு என்று விரிகிற வேற்றுமைத்தொகை, திருப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும்.

குடும்பமும் நன்றாக வளர்கிறது. அளவீட்டின்போது மென்பொருள் முதலில் வடக்கே தள்ளித் தள்ளி விண்மீன் நகரும்வரை பார்க்கிறதே, அது ‘தொய்வு நீக்கம்’. திசை மாறும் ஒவ்வொரு முறையும் கூடுதல் துடிப்பு கொடுக்கும் வசதி ‘தொய்வு ஈடு’. “தொய்வு ஈட்டை அதிகமா வச்சுட்ட, அதான் வடக்கும் தெற்குமா ஊசலாடுது” என்று போனில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடையில்லை. பின்னடைவு ஈடு என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ இழப்பீட்டு மனு மாதிரி இருக்கிறது.

அன்றிரவு எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். மலையில் வைத்து யாரும் மவுண்ட்டைப் பிரிக்கவில்லை. அங்கே துருவ விண்மீன் 12 பாகை உயரத்தில், மூட்டத்துக்குள் மினுங்கும். மவுண்ட்டின் அச்சைத் துருவத்துக்கு நேர் செய்தது கொஞ்சம் பிசகியிருந்தது, டெக்கில் விண்மீன் ஒரே பக்கமாக வழுகிக்கொண்டே இருந்தது. பிசகு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, டெக் திருத்தத்தைத் தெற்கு மட்டும் என்று மாற்றச் சொன்னேன். திசை திரும்பவில்லை என்றால் தொய்வு ஏது? மூன்று மணிக்கு மேல் வரைபடத்தின் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நேராகிவிட்டது. ஓரியன் நெபுலா அதற்குள் மேற்கே இறங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன். அதற்குக் கீழேயே, முந்தைய திருத்தங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் முறையான ‘ஹிஸ்டெரிசிஸ்’ நேர்ச்சொல் இல்லாமல் கிடக்கிறது. அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.