வீட்டில் ஆளுக்கொரு சட்டம் இருந்தால் நாய் கெட்டுப்போகுமா?

வெள்ளைவால்:
எங்கள் வீட்டில் எட்டு மாத ராஜபாளையம், பொட்டை. நான் சாப்பிடும்போது பக்கத்தில் வந்தால் "பாய்க்குப் போ" என்பேன், போய்ப் படுத்துக்கொள்ளும். அப்பா உட்கார்ந்தால் கதையே வேறு. தோசைக்கல் சுர்ரென்றதுமே அவர் நாற்காலிக்கு இடப்பக்கம் போய் நின்று, முழங்கால் மேல் முன்னங்காலைத் தூக்கி வைக்கும். "போடி, போடி" என்று ரெண்டு தடவை விரட்டுவார். அப்புறம் ஒரு துண்டு கீழே விழும். தினமும் இல்லை, அம்மா பார்க்காத நாளில் மட்டும். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் மடியிலும் காலை வைக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவேண்டும் என்கிறேன் நான். "நாய்க்கு ஆள் தெரியும்டா" என்கிறார் அப்பா. யார் பக்கம் நியாயம்?

கோவில்பட்டி ராணி:
உங்கள் பக்கம்தான் தம்பி. தினமும் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. என்றைக்காவது ஒருநாள் கிடைப்பதுதான் பழக்கத்தை ஆணியடித்து இறக்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதை ஏறக்குறைய தற்செயலாகத்தான் கண்டார். அவருடைய பெட்டியில் எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். எலிகளுக்குப் போடும் தீனி உருண்டைகளை ஆய்வகத்திலேயே கையால் உருட்டவேண்டிய காலம். ஒரு சனிக்கிழமை கணக்குப் பார்த்தால், உட்கார்ந்து உருட்டாவிட்டால் திங்கள் காலைக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் போடாமல் நிமிஷத்துக்கு ஒன்று போடுவோம் என்று மாற்றினார். எலி விட்டுவிடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து புறாக்களை வைத்து விரிவாகச் செய்து, 1957-ல் பெரிய நூலாகவே போட்டார்கள். விட்டுவிட்டுக் கிடைத்த தீனியை மொத்தமாக நிறுத்தினாலும் பழக்கம் லேசில் போகாது. உங்கள் அப்பா செய்வது அச்சு அசல் அதேதான்.

கரிசல்காட்டான்:
எலியையும் புறாவையும் பெட்டியில் அடைத்துப் பார்த்ததை வைத்து ஒரு பெரியவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். எங்கள் பக்கம் சிப்பிப்பாறை நாய் வளர்த்தவர்கள் யாரும் குடும்பத்தைக் கூட்டிவைத்துச் சட்டம் போட்டதில்லை. எங்கள் வீட்டு நாய், என் வீட்டுக்காரி சொன்னால் வாசப்படி தாண்டாது. பிள்ளைகள் அதே வார்த்தையைச் சொன்னால் காதிலேயே வாங்காது. அதுக்குக் குழப்பமே இல்லை. இந்தத் தம்பி எழுதியதையே பாருங்கள்: இவர் சொன்னால் பாய்க்குப் போகிறது, அப்பாவிடம்தான் காலை வைக்கிறது. ஆள் தெரிகிறதா இல்லையா?

கோவில்பட்டி ராணி:
ஆள் தெரியும், அதை நான் மறுக்கவில்லை அண்ணா. வீட்டில் நாலு பேருக்கு நாலு விதி இருந்தாலும் நாய் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்தந்த ஆளின் விதி ஒன்றாகவே இருக்கவேண்டும். உங்கள் வீட்டம்மா சொன்னால் சொன்னதுதான், அதனால்தான் மதிக்கிறது. இங்கே அப்பா ஒருநாள் விரட்டுகிறார், ஒருநாள் போடுகிறார். வருகிற விருந்தாளி எந்த ரகம் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். லாட்டரிச் சீட்டு மாதிரி.

கரிசல்காட்டான்:
அப்படியானால் உங்கள் முறையில் ஆயுசுக்கும் பிஸ்கட் பொட்டலத்தோடு அலையணுமா? ஒருநாள் கொடுக்காவிட்டால் அதுவும் மாறிப்போனதாகத்தானே அர்த்தம்?

கோவில்பட்டி ராணி:
நல்ல கேள்வி. பழகும் காலத்தில் ஒவ்வொரு தடவையும் கொடுக்கவேண்டும். "உட்காரு" என்றால் யோசிக்காமல் உட்காரும் நிலை வந்ததும், மூன்று தடவைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று குறைத்துவிடலாம். மற்ற நேரம் ஒரு தட்டிக்கொடுத்தல் போதும். அப்பா தெரியாமல் கெட்ட பழக்கத்துக்குச் செய்வதை நாம் தெரிந்தே நல்ல பழக்கத்துக்குச் செய்கிறோம். தீனி குறையலாம். ஆனால் ஒரே செயலுக்கு இன்றைக்கு அதட்டல், நாளைக்கு தோசை என்று மட்டும் இருக்கக்கூடாது.

நிழல்மரம்:
நடுவில் இரண்டு விஷயம். அப்பா இன்றே நிறுத்தினால், நாய் முதலில் அடங்காது, கூடும். காலை வைத்தது போய்ப் பிறாண்டும், குரைக்கும். அந்த உச்சத்தில் "தொல்லை தாங்கலை" என்று ஒரு துண்டைப் போட்டுவிட்டால், குரைத்தால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அதற்குத் தெம்பு இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, தோசையைவிடச் சட்னிதான் எனக்குக் கவலை. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், சமைத்திருந்தாலும்தான். அந்தத் துண்டு சட்னியில் தோய்ந்ததா என்று பாருங்கள்.

(விவாதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு குறிப்பு: வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. உங்களுடையது சொல்கேட்டுப் பாய்க்குப் போவதால் பயமில்லை. ஆனால் சொல்பேச்சு கேட்கவில்லை என்று அடி வாங்கும் குட்டிகளில் சிலவற்றுக்குக் காதே கேட்காது.)

வெள்ளைவால்:
சட்னி தோய்ந்ததுதான்! அதைச் சொன்னதும் அப்பா கொஞ்சம் ஆடிப்போனார். ஆனால் "என் கையால ஒண்ணும் கொடுக்கக்கூடாதுன்னா எதுக்குடா நாய்?" என்கிறார். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிழல்மரம்:
கொடுக்கட்டுமே. அவர் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, சட்னி படாத வெறும் தோசையை நாயின் கிண்ணத்தில், அதன் பாயில் வைத்துக் கொடுக்கட்டும். தினமும். நாற்காலிப் பக்கம் மட்டும் எதுவும் விழக்கூடாது.

கரிசல்காட்டான்:
இது நியாயம். ஆனாலும் விருந்தாளி வந்தால் சங்கிலியில் கட்டுங்கள், பிரச்சினை முடிந்தது.

கோவில்பட்டி ராணி:
கட்டினால் அன்றைக்கு முடியும் அண்ணா, அவிழ்த்ததும் திரும்ப ஆரம்பிக்கும். தம்பி, வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: காலை வைத்தால் தொடவேண்டாம், பார்க்கவும் வேண்டாம், நாலு காலும் தரையில் இருந்தால் கொஞ்சலாம் என்று. அப்பாவின் நண்பர்களிடம் அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயால் சொன்னால் அவரும் மீறமாட்டார்.