பிகிள்ஸ் படித்தவர்கள் எழுதுங்கள்

எனக்கு ஊர் மதுரை. பள்ளி நாட்களில், தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் காமிக்ஸ் கட்டுக்கு அடியில் கிடைத்ததுதான் என் முதல் பிகிள்ஸ் புத்தகம். பிகிள்ஸ் என்ற போர் விமானியின் கதைகள்; எழுதியவர் கேப்டன் டபிள்யூ. ஈ. ஜான்ஸ். "சண்டைக் கதை, நல்லா இருக்கும் தம்பி" என்று சொல்லித்தான் கடைக்கார அண்ணன் கொடுத்தார்.

சண்டை இருந்தது. முதல் உலகப் போர், பிரான்ஸ் வானம், சோப்வித் கேமல் விமானம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று சமாளித்து, பதினேழு வயதில் படையில் சேர்ந்த பையன்தான் நாயகன். அவன் பிறந்தது இந்தியாவில், அப்பா இங்கே பிரிட்டிஷ் அதிகாரி என்று தெரிந்தபோது கொஞ்சம் சொந்தம் கொண்டாடினேன்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. 1932இல் வந்த முதல் கதையிலேயே அவன் கண்கள் ஓரிடத்தில் நிற்காது. விரல்கள் சட்டைக் கழுத்தை நோண்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் முன்புதான் ஒருவனைக் கொன்றிருக்கிறான். இதுவரை எத்தனை பேர் என்ற கணக்கும் மறந்துபோயிருக்கிறது. சிறுவர்களுக்கான கதையில் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பின்னால் வந்த துப்பறியும் கதைகளில் அந்த நடுக்கம் இல்லை. அவற்றை நான் வேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவேன்.

*

மேலே எழுதிய மதுரை அண்ணன் சொன்ன நடுக்கம் ஜான்ஸ் தானே பட்டது. 1918 செப்டம்பரில் மான்ஹைம் நகர்மீது குண்டு போடக் கிளம்பியவரின் டிஎச்4 விமானத்தை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். பின்னால் இருந்த துப்பாக்கி வீரர் இறந்துபோனார். ஜான்ஸ் போர்க்கைதியானார்.

வேலை விஷயமாக லண்டனில் இருந்தபோது ஹெண்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். கேமல் முன்னால் நின்றதும் பேச்சே வரவில்லை. அவ்வளவு சின்னது! நீளம் ஆறு மீட்டர்கூட இல்லை. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. விமானியின் முகத்துக்கு நேர் முன்னால் இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகள்; புரொப்பெல்லர் இறக்கைகளின் இடைவெளி பார்த்துத்தான் குண்டு வெளியேறும். புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினும் முழுசாகச் சுற்றும். அந்தச் சுழற்சியால் விமானம் வலப்பக்கம் சடாரென்று திரும்பும். அனுபவம் இல்லாத பையன்களைக் கொன்றதும் அதே குணம்தான். எஞ்சினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் காற்றில் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் இருந்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்தப் போரில் அதுவும் கொடுக்கவில்லை. ஊர் திரும்பியதும், பிகிள்ஸ் எதிரி பலூனைத் தாக்கப் போகும் கதையை எடுத்து மறுபடி படித்தேன். தீப்பிடித்த விமானம் என்று வரும் ஒவ்வொரு வரியும் இப்போது வேறு மாதிரி இருந்தது.

*

அந்தப் பலூன் கதையில் இன்னொரு விஷயம். பலூனைச் சுட்டு வீழ்த்தும் போட்டி பழைய பதிப்பில் விஸ்கிக்காக. சிறுவர்களுக்கு ஆகாது என்று பின்னால் லெமனேடாக மாற்றிவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து லெமனேடுக்காக யார் பறப்பார்கள்? கிடைத்தால் பழைய பதிப்பையே வாங்குங்கள்.

நான் என் மகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பிற்காலக் கதைகள் சிலவற்றில் ஆப்பிரிக்க, ஆசிய மக்களைப் பற்றி வரும் வர்ணனைகள் எனக்குக் கோபம் வரவழைக்கின்றன. அந்த இடங்களில் நிறுத்தி, ஏன் தப்பு என்று அவளிடம் பேசிவிட்டுத்தான் மேலே போவேன்.

"பொண்ணுங்க ஓட்டலையா அப்பா?" என்று அவள் கேட்டாள். ஓட்டினார்கள். பெண்கள் விமானப்படையின் துணைப்பிரிவில் சேர வேண்டும் என்பதற்காக, இரண்டாம் உலகப் போரின்போது ஜான்ஸ் வோரல்ஸ் என்ற பெண் விமானியை உருவாக்கினார். அந்தப் புத்தகங்கள் இங்கே கண்ணில் படவே இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.