மூணு வயசு, ஒன்பது வயசு, ரெண்டுக்கும் வீசிங். எப்படிக் கவனிக்கறது?

குடியாத்தம் அம்மா:
பெரியவனுக்கு ஒன்பது வயசு. பீக் ஃப்ளோ மீட்டர், அதான் மூச்சை எவ்ளோ வேகமா ஊதறான்னு நம்பர்ல காட்டற குழாய், வாங்கச் சொன்னாங்க, ஊதறான். சின்னவளுக்கு மூணு. விசில்னு நெனச்சுக்கினு எச்சிதான் துப்பறா. மார்கழிப் பனி வேற, அடுத்து போகிப் புகை. இவளுக்கு இழுப்பு வரப் போகுதுன்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது? மாமியார் வீட்லயே பீடி சுத்தறாங்க, அந்தத் தூளும் இருக்கு.

சத்துவாச்சாரி, ரிடையர்டு நர்ஸ்:
சின்னதுகிட்ட மீட்டரைக் குடுக்காதீங்கம்மா. அஞ்சாறு வயசுக்கு மேலதான் ஒழுங்கா ஊத வரும். அவ தூங்கறப்போ சட்டையைத் தூக்கிட்டு வயிறு ஏறி எறங்கறதை எண்ணுங்க. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது. 40 வந்தாலே அது வேகமான மூச்சு. விலாவுக்கு நடுவுல குழி விழுதா, சிரிச்சா ஓடினா இருமறாளா, விடியக்காலையில இருமி எழுந்துக்கறாளா, பாருங்க. பேச முடியல, தண்ணி இறங்கல, உதடு நீலமாச்சுன்னா எண்ணிக்கிட்டு நிக்காதீங்க. நீல பஃப்பை (இழுப்பு வந்தா உடனே அடிக்கற மருந்து) ஸ்பேசர்ல (பஃப்போட மாட்டற பிளாஸ்டிக் குடுவை) குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கொழந்தை துவண்டு போய் இழுப்புச் சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, அதுதான் ரொம்ப ஆபத்து.

பெரியவன் நல்லா இருக்கற ரெண்டு வாரம், காலையும் சாயந்தரமும் நின்னுக்கிட்டு மூணு தடவை ஊதட்டும். அதுல வர்ற பெரிய நம்பர்தான் அவன் கணக்கு. 200 வந்துதுன்னா 160க்கு மேல பச்சை, அதாவது நல்லா இருக்கான்; 100க்குக் கீழ சிவப்பு, ஆபத்து; நடுவுல மஞ்சள், உஷார். மீட்டர் மேலயே ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டுடுங்க. அடுத்த வீட்டுப் பையன் நம்பர் நமக்கு எதுக்கு?

பீடி வேலையை, மாமியார்கிட்ட சண்டை போடாம, தாழ்வாரத்துக்கு மாத்தச் சொல்லுங்க. பொகையிலை மூட்டை கொழந்தைங்க படுக்கற ரூம்ல வேணாம்.

காட்பாடி அப்பா:
எம் பொண்ணுக்கு 14. நோட்ல நல்ல நம்பரா அவளே எழுதி வெச்சுடுவா, கில்லாடி! அதனால பஃப்ல மீதி எத்தினி டோஸ்னு காட்டற கவுன்டரைத்தான் பாக்கறேன். தெனமும் எடுக்க வேண்டிய தடுப்பு பஃப்ல நம்பர் குறையலைன்னா எடுக்கலைன்னு அர்த்தம். நீலம் வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கூட்டினு போயிடுவேன்.

குடியாத்தம் அம்மா:
எங்க நீல பஃப்ல கவுன்டரே இல்லையே அண்ணா?

காட்பாடி அப்பா:
அப்போ டப்பா மேல எத்தினி டோஸ்னு போட்டிருக்கும், பாரும்மா. பெரும்பாலும் 200. அடிக்க அடிக்க காலண்டர்ல கோடு போடு. தண்ணியில மிதக்க வுட்டுப் பாக்கறதெல்லாம் வேணாம், அதுல சரியாத் தெரியாது.